முப்பத்திரண்டு ஜிபி

"அது உங்களுக்கு வேணாம்ங்க," என்றான் கடைக்காரன்.

அய்ஜமாலுக்குக் கோபம் வர இவ்வளவு போதும். பிஷ்கெக் நகரக் கணினிச் சந்தையின் தகரக் கூரைமேல் ஏப்ரல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையில் இருந்தது அம்மா அவள் கல்யாணச் சீருக்கென்று சேர்த்த பணம். "மெத்தைக்குப் பதிலா கணினியே வாங்கிக்கோ. ஆனா நிறைய பிடிக்கிறதா வாங்கு," என்று சொந்த ஊரான நாரினிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சொந்தக் கணினி வேண்டுமென்பது நிபந்தனை. அது திணறினால் வேலை போகும். போனால் ஊருக்குத் திரும்பி, பெண் பார்க்க வருபவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டியதுதான்... அவள்தான் வீட்டின் முதல் பட்டதாரி.

"ஒரு டிபி ஸ்டோரேஜ் கேட்டேன். வேணாம்னு சொல்ல நீங்க யாரு? செருப்பைப் பாத்து எடை போட்டீங்களா?"

"கண்ணைத்தான் பாத்தேன்..." என்றவன், அவசரமாக விலைத்தாளுக்குக் குனிந்தான். சட்டையில் எர்மெக் என்று பெயர். மழைக்கு முன்பு ஏரி நிறம் மாறுமே, அந்த நிறம் அவன் கண்கள். கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கவனித்தாள்.

"என்ன வேலைக்கு?"

"மேய்ச்சல் நிலத்தோட வான்படங்களை ஒட்டி வரைபடம் செய்யணும். திங்கக்கிழமை சேரணும்."

"அப்ப ரேமைக் கூட்டுங்க. ரேமோ ஸ்டோரேஜோ, எதைக் கூட்டினாலும் முப்பதாயிரம் சோம்தான். ஸ்டோரேஜ் சீர்ப்பெட்டி மாதிரி. பத்தலைன்னா எட்டாயிரத்துக்கு வெளியில இன்னொண்ணு மாட்டிக்கலாம். ரேம் விருந்துல சாப்பாடு பரப்புற விரிப்பு மாதிரி. இந்த மாடல்ல போர்டோட ஒட்டியே வருது, அப்புறம் நீட்டவே முடியாது. பதினாறு ஜிபியில ஆயிரம் படத்தை விரிச்சா மூச்சு முட்டும்."

"பாடம் எடுக்காதீங்க. பட்டம் நானும் வாங்கியிருக்கேன்."

விறுவிறுவென்று சந்தை வாசல் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

"ஒரு டிபியா தங்கச்சி? ரொம்ப நல்லது," என்றான் அந்தக் கடைக்காரன்.

"ரெண்டு டிபி?"

"அதைவிட நல்லது."

"ரேமைக் கூட்டினா?"

"அதுவும் நல்லதுதான் தங்கச்சி."

என்ன வேலைக்கு என்று அவன் கேட்கவேயில்லை. வெளியே நின்று போனில் தேடிப் படித்தாள். எர்மெக் சொன்னதுதான் சரி. எரிச்சலே அதுதான்.

திரும்பி வந்தபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ரேம் முப்பத்திரண்டு. ஸ்டோரேஜ் இருக்கிறதே போதும்."

அவன் தலை குனிந்து பெட்டியைக் கட்டினான்.

"ஜெயிச்சாச்சுன்னு சிரிக்க மாட்டீங்களா?"

"ஜெயிக்கலைங்க, தோத்துட்டேன்." அவன் நிமிரவில்லை. "பதினாறை வாங்கியிருந்தா ஆறு மாசத்துல சண்டை போட வந்திருப்பீங்க. இன்னொரு தடவை பாத்திருப்பேன். இது நாலு வருஷம் ஓடும்..."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"திங்கக்கிழமை வேலைன்னீங்களே..."

அய்ஜமாலுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சண்டைக்குப் பழகிய முகம் அது.

"வாசல் கடையில இதே பெட்டி ரெண்டாயிரம் சோம் கம்மி," என்றாள். "கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"பின்ன ஏன் இங்க...?"

"ரெண்டாயிரத்துல எங்கம்மா ஒரு வாரம் வீட்டை ஓட்டுவாங்க. அந்த அளவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க."