இரண்டு முழக் கயிறு

காலை ஆறரைக்கு மைதானத்துக் கதவைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை தகுதிவாயிலைத் துடைப்பது. ஆளுயரத்துக்கு மேல் ஓர் உலோகச் சட்டகம்; கடல் காற்றில் அதன் சென்சார்களில் உப்பு படிந்துவிடும். துடைத்து முடித்ததும், "வாம்மா, உள்ளே வா" என்று அதற்குள்ளிருந்து அன்பான ஒரு பெண் குரல் கூப்பிடும். அந்த அன்புக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கி நிற்பேன்.

என் கபடி அணிப் பெண்கள் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் நடப்பார்கள். எலும்பு, இரத்தம், நடையின் வீச்சு எல்லாவற்றையும் அது மூன்று விநாடியில் அளந்துவிடும். பெண்கள் அணியில் பெண்களே ஆட வேண்டும் என்று மகளிர் அணித் தகுதிச் சட்டம் வந்தபோது, ஆதரவாகக் கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைந்தவள் நான். நியாயமான போட்டிக்கு ஆசைப்பட்டது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சட்டத்தின் கடைசிப் பக்கத்தை நான் படிக்கவில்லை. இந்த ஆண்டு தேறியவர்களின் சராசரியை வைத்து அடுத்த ஆண்டின் அளவை வாயில் தானாகவே திருத்திக்கொள்ளும் என்று அதில் இருந்தது. முதலாண்டு அளவின் ஓரத்தில் இருந்த சிலர் விலக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஓரமே உள்ளே நகர்ந்துவிட்டது. உயரமானவர்கள் போனார்கள், பிறகு வேகமானவர்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் பெயர் ஐயப் பதிவேட்டில் ஏறும், மகளிர் விடுதியில் இடம் போய்விடும்.

இளவெயினி ஆறாம் வகுப்பில் வந்தவள். வெறுங்காலோடு நூறு மீட்டரைப் பதின்மூன்றரை விநாடியில் ஓடினாள். ஸ்டாப்வாட்சை நம்பாமல் இன்னொரு முறை ஓடவிட்டேன். அவள் அம்மாவுக்குத் தூரத்து உப்பளத்தில் வேலை. விடுதி போனால் படிப்பும் போகும். பயந்துபோய் அன்றே அவளுக்குக் குறைநடை பழக்கினேன். பி.டி. டீச்சர்கள் எல்லோரும் இரகசியமாகச் சொல்லிக்கொடுப்பதுதான். இரு கணுக்காலுக்கும் நடுவே இரண்டு முழக் கயிறு கட்டி ஓட வைப்போம்; எட்டு குறுகினால் வாயிலில் பச்சை விளக்கு எரியும்.

எதுவரைக்கும் இப்படி என்று கேட்டாள்.

"பன்னெண்டாங்கிளாஸ் கடைசி வாயில் வரைக்கும்ட்டி. அப்புறம் உன் இஷ்டத்துக்கு ஓடு. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஏழு வருடமும் பச்சை விளக்குதான். நேற்று மண்டல இறுதிப் போட்டி. பதினான்கு பேரும் ஒரே வேகத்தில் போனார்கள், வந்தார்கள். யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கூட்டம் வழக்கம்போல் கைதட்டியது. முடிந்ததும் என் பெண்கள், எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி முறையாக வாயிலைத் தாண்டினார்கள். ஏழு முறையும் "நல்ல பிள்ளை" என்றது குரல்.

சொன்ன வாக்குப்படி இன்று அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். இனி உங்களுக்கு வாயில் கிடையாது, ஓடுங்கள் என்றேன். ஓடினார்கள். நூறு மீட்டருக்கு இருபத்தைந்து விநாடி, ஏழு பேருக்கும். ஈர மணலில் ஏழு வரிசைக் கால்தடங்கள். குனிந்து முழம் போட்டுப் பார்த்தேன். எல்லாத் தடங்களுக்கும் நடுவே இரண்டு முழம்.

இளவெயினியைத் தனியே நிறுத்தி, உன் ஓட்டத்தை ஓடு என்றேன்.

"இதான் டீச்சர் என் ஓட்டம்."

அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயது மூட்டுவலியோடு நானே ஓடிக்காட்டினேன். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது, என் தடங்கள் அவர்களுடையதைவிடத் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன.

பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இளவெயினி அதே சின்ன எட்டுகளில் ஓடிவந்து, சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தாள்.

"மெல்ல டீச்சர். யாராவது பாத்துட்டா ஒங்களையும் எழுதிருவாங்க."

பிறகு தன் பையிலிருந்த கயிற்றை எடுத்து, மணலில் முழங்காலிட்டு, வலிக்காதபடி என் கணுக்காலில் கட்டத் தொடங்கினாள்.