ஆணி பிடுங்கிய பலகை

மூன்றாவது முறை பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகும் அந்தக் கறுப்புப் புள்ளி மேலே வந்துவிட்டது. கிடாரின் வெள்ளை உடம்பில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு, லேசான ஈரத்தோடு இருந்தது. கலைமதி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அவள் கணவன் ஆனந்தராஜ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாமே பூட்டிக்கொள்ளும் எலக்ட்ரிக் கிடார் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்திருந்தான். கூரியரில் வந்து இறங்கும்போதே உடம்புக்கட்டை மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. மனிதன் விட்டானா? கறம்பக்குடியில் மச்சான் ராசுவின் மாட்டுக்கொட்டகையில் கிடந்த பலகையைத் தூக்கிவந்து, ஆசாரியிடம் அதே அளவுக்கு வெட்டி வாங்கி, புதுக்கோட்டை வாடகை வீட்டின் முன்னறை முழுக்க உப்புத்தாள் தூசியாக்கி வைத்திருந்தான்.

"கஜா புயல்ல விழுந்த ஒங்க கொல்லைப் புளியமரந்தான். நல்லா காஞ்ச பலகை," என்றான் ஒயரைச் சீவிக்கொண்டே. "உள்ள ஒரு ஆணி இருந்துச்சு. அந்தத் துருக்கறைதான் மேல வருது."

"ஆணியா?"

"பெரிய ஆணி. தேங்கா நாரு மாதிரி என்னமோ சுத்திக் கெடந்துச்சு. புடுங்கிப் போட்டுட்டு ஓட்டைய அடைச்சுட்டேன்."

கலைமதியின் கை தன் உச்சந்தலைக்குப் போயிற்று. அது தேங்காய் நார் இல்லை. அவளுடைய முடி.

பள்ளிக்கூடம் போன வயதில், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் கொல்லைக் கிணற்றின் விளிம்பில் போய் நிற்பாள். அவள் வாயிலிருந்து வேறொரு குரல், "ஒரு உயிரக் கொண்டுக்கிட்டுத்தான் போவேன்" என்று சொன்னதாக அம்மா அழுதாள். பூசாரி வந்தார். அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைந்து, தலையை வெடுக்கென்று இழுக்கச் சொன்னார். முடி மரத்தோடு நின்றது. அவளைப் பிடித்திருந்ததும் மரத்தோடு நின்றது. ஆணியை யாரும் தொடாதவரை பயமில்லை என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று வீட்டில் அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். விடுதியில் படித்துக்கொண்டிருந்த தம்பி ராசுவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவளும் புருஷனிடம் சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பலகை இந்த வீட்டு வாசலை மிதித்திருக்காது.

இப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

"என்னங்க, இது வேணாம். வெளிய கொண்டுபோய்ப் போட்டுருங்க."

"முடியப்போற நேரத்துல என்ன வந்துச்சு ஒனக்கு?"

சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷம் அடக்கிவைத்தது எங்கிருந்து தொடங்கும்? அவன் சிரித்துக்கொண்டே, புகை எழ, ஒயர் நுனியில் ஈயப்பற்று வைத்தான். வெளியே விளக்கேற்றும் நேரத்து வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்தது. குங்கிலியம் கருகுவதைப் போன்ற அந்தப் புகையின் அடியில் இன்னொரு வாடை மெல்லக் கிளம்பியது. கிணற்றுப் பாசியின் வாடை. அவள் மூக்குக்கு மட்டும்தான் அது எட்டியது போலிருக்கிறது.

ஆறு கம்பிகளையும் கோத்து முறுக்கினான். கிடாரைச் சுவரோரம் நிறுத்தி, அதன் ஒயரை ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சொருகினான். பெட்டி 'ம்ம்ம்' என்று இரைந்தது.

"எர்த் சரியில்ல. இங்க பாரு, மனுசன் கை பட்டா அடங்கிரும்." கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்தான். நிசப்தம். எடுத்தான். மறுபடி இரைச்சல். "வெளிய எர்த் குழியில தண்ணி ஊத்திட்டு வாரேன். நீ இங்கிட்டே நின்னு, கொறையுதான்னு சொல்லு."

வாளியோடு போனான்.

அவள் கிடாரை நெருங்கவில்லை. வாசல் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரைச்சல் அறையெங்கும் பரவி, தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறி, முழங்காலைத் தாண்டி வயிறுவரை வந்து அங்கேயே தங்கியது. வெளியே குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்று நினைத்தாள். கால் வரவில்லை.

இரைச்சல் நின்றது.

"நின்னுருச்சுங்க," என்றாள், உயிர் வந்தவளாக.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து அவன் குரல் வந்தது. "நான் இன்னும் ஊத்தவே இல்ல. வாளியே ரொம்பல. நீ கம்பியத் தொட்டியா?"

அவள் கைகளைப் பார்த்தாள். இரண்டும் நிலையில்தான் இருந்தன.

கிடாரைப் பார்த்தாள். ஆறு கம்பிகளும் ஓரிடத்தில் அமுங்கியிருந்தன. விரல்கள் அழுத்தியதைப் போல. விரல்கள் இல்லை.

உச்சியில், அன்றைக்குப் பிடுங்கிப் பின் முடி முளைக்கவே முளைக்காத அந்த இடம், இழுத்தது.

"தொட்டிருந்தா கைய எடுக்காத," என்றான் வெளியே. "அப்புடியே இரு."

தடித்த கம்பி ஒருமுறை அதிர்ந்தது. பெட்டியில் 'தொம்' என்றது.

அவள் வயிற்றுக்குள், முதன்முதலாக, பிள்ளை அசைந்தது.

மறுபடி கம்பி.

மறுபடி வயிறு.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பாசி வாடை நெஞ்சுவரை நிறைந்திருந்தது.

அடுத்த முறை பிள்ளை முதலில் அசைந்தது. கம்பி பதில் சொன்னது.