பொய்ப் பேரில் ஒரு தொப்பி

தொப்பி ஏற்கெனவே தயாராக இருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. நீச்சலுக்குப் போடுகிற மாதிரி இறுக்கமான வெள்ளைத் தொப்பி. நெற்றிக்கு மேலே, இடப்பக்கமாக, மை பழுப்பேறிப்போன ஒரு பெருக்கல் குறி. காதுவரை இழுத்து மாட்டியபோது, தன்னுடையதல்லாத ஒரு தலையின் வாசனை, எண்ணெயும் ஈரமுமாக, அவள் மூக்கில் ஏறியது.

"உங்க மூளை ஸ்கேன் படம் மிஷினுக்குள்ளயே இருக்கும்மா. அதைப் பாத்துதான் போன வருஷம் இடம் குறிச்சிருக்காங்க. மறுபடி அந்தக் குழாய்க்குள்ள போய்ப் படுக்க வேணாம், தப்பிச்சீங்க" என்றாள் மிஷின் பார்க்கும் பெண். "முன்னாடி வந்திருக்கீங்கல்ல?"

"ஆமா."

ஏன் ஆமா என்றாள்? பாவம், வெட்கம்தான். அவள் கணக்கு டீச்சர். மனச்சோர்வுக்கு வைத்தியம் என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு எந்த வகுப்பில் போய் நிமிர்ந்து நிற்பது? அதனால் ஆஸ்பத்திரி வாசல் மேசையில் பேர் கேட்டபோது, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேராகப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டாள். அந்தப் பேரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்திருக்கிறாள். இல்லை என்று இப்போது சொன்னால் பொய் அம்பலமாகும். நாமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்திருப்போம்?

வீட்டிலும் கழுத்து வலிக்குக் கரண்ட் வைக்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். எப்படியாவது தேறிவிட வேண்டும். பசியில் கத்திய மகளின் குரல் காதில் ஏறாமல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "நீ முதல்ல மனுஷியா ஆகு, அப்புறம் அம்மாவா ஆகலாம்" என்ற பேச்சு இன்னும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது.

மண்டைக்கு வெளியே காந்தத்தை வைத்துத் தட்டுவார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. சோர்ந்து கிடக்கும் மூளையின் அந்த மூலை மெல்ல விழித்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். டக், டக், டக் என்று மரங்கொத்தி கொத்துவதுபோல மண்டையோட்டில் விழுந்தது ஒவ்வொரு தட்டும். பல்வரிசை அதிர, கண்ணோரம் துடிக்க, ஜன்னலுக்கு வெளியே பெய்த மழைகூட அந்தத் தாளத்திலேயே பெய்வதுபோல இருந்தது.

"கட்டைவிரல் துள்ளினாத்தான் அளவு சரின்னு அர்த்தம், இன்னும் துள்ளலையே" என்று முனகியபடி அந்தப் பெண் விசையைக் கூட்டினாள்.

விரல் துள்ளவில்லை. உதடுகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை.

ஆனாலும் நாலைந்து தடவை போய்வந்ததும் குணம் தெரிந்தது. காலையில் எழுந்திருக்க முடிந்தது. வீடு பளபளத்தது. "கழுத்துல வச்ச கரண்ட்டு முகத்துல எரியுதே!" என்று கணவன் கிண்டலடித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குத் தெரியாத ஒரு பாட்டை அவள் தொண்டை முணுமுணுத்தது. வெங்காயம் நறுக்கும் கத்தி இடது கைக்கு மாறியிருந்தது. அவள் இடது கைக்காரி இல்லை.

இனியும் தாங்காது என்று, உண்மையைச் சொல்லிவிடப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், முகம் எரிய எரிய, "அது என் பேர் இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

மிஷின் பார்க்கும் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. "என்னம்மா சொல்றீங்க? அப்ப இந்தப் படம், இந்தத் தொப்பி... அந்தம்மா இறந்துட்டதா போன வருஷமே ஒரு போன் வந்துச்சாம். நீங்க வந்ததும், யாரோ தப்பா சொல்லிட்டாங்கன்னு நான்..."

நிறுத்துங்கள். இதைக் கழற்றுங்கள். அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பயந்துட்டீங்களா? சும்மா சொன்னேன்மா" என்றது வாய். "பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்."

"அட, இப்படியா விளையாடுவீங்க! எனக்கு உசுரே போயிடுச்சு."

டக். டக். டக்.

அடுத்த வாரம் நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கண் கலங்கினாள். "நான் அன்னிக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதே. உன்னைப்போல ஒரு அம்மா கிடைக்குமா?"

உள்ளே எங்கோ, ஆழத்தில், அவள் கூனிக் குறுகினாள். பயத்தைவிட அதுதான் கொடுமை. அவள் கொடுக்காத முத்தங்களை அந்த உதடுகள் கொடுத்தன. அவள் ஊட்டாத சோற்றை அந்த இடது கை ஊட்டியது. பொறுமையாக. அழகாக. தான் ஒருநாளும் இப்படி இருந்ததில்லையே. கத்த நினைத்தாள். யாருக்காகக் கத்துவது?

சாயங்காலம். விளக்கு இன்னும் போடவில்லை. கணவன் நாத்தனாரை வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தான்.

மடியில் இருந்த குழந்தை நிமிர்ந்து பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. எப்போதும் "வாம்மா, போம்மா" என்று இழுக்கிற குழந்தை. மெல்ல மடியைவிட்டு இறங்கியது. ஓர் அடி தள்ளி நின்றது. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசுவதுபோல, மரியாதையாகக் கேட்டது:

"ஆன்ட்டி, எங்கம்மா எங்க?"

நான்தான்டி. இங்கேதான் இருக்கிறேன். தங்கமே, இங்கே.

இடது கை நீண்டது. குழந்தையின் தலையைக் கோதியது. அந்த உதடுகளின்மேல் ஒரு விரல் வந்து நின்றது.

"ஷ்ஷ்... அம்மா உள்ள தூங்குறாங்க. எழுப்பிடாதே."