பட்டியலில் இல்லாத விருந்தாளி

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோளில் ஒரு பையோடு ஹுஸ்னா பசுந்தாங் பேட்டையில் இருக்கும் என் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழி. காட்டில் ராணுவத்தை எதிர்த்து நிற்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகிறவள். பெயர் வெளியே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் ஒளிய இடம் வேண்டும்.

இந்த ஊரில் வெளியாள் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீஸின் விருந்தாளிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். நான் கீழே ஓடி, வீட்டுக்காரர் சபாபதியிடம் (பர்மிய மரியாதைப்படி எல்லோருக்கும் ‘ஊ’ சபாபதி) எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன்.

அதுதான் நான் செய்த தப்பு. கேட்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

அவர் சிரித்தார். ஜப்பான்காரன் காலத்தில் இதே வீட்டில் மொசெல் என்றொரு யூதப் பெண் இருந்தாளாம். ஜப்பானியரை எதிர்த்தவர்களை என் அறைக்கு மேலே இருக்கும் பரணில் ஒளித்துவைத்தாளாம். அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை.

"காட்டிக்குடுத்தது எங்கப்பாதான்," என்றார், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "புள்ளகுட்டிக்காரன், வேற என்னம்மா செய்வான்?"

நான் மேலே வந்தபோது கரண்ட் போயிருந்தது. அறை முழுக்க மெழுகு வாசனை.

நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

ஹுஸ்னா பரண் ஏணியில் தாவி ஏறினாள். மேலே இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. விரல்களில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது.

"நீலு, யாருடி இது?" என்று கிசுகிசுத்தாள்.



கை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

வந்த சிப்பாய்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஏணிக்குப் போனார்கள். வாசலில் ஊ சபாபதி என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். டார்ச் அடித்து மூலைமூலையாகத் தேடிவிட்டு, வெறுங்கையோடு இறங்கி, அவரைத்தான் வைதுவிட்டுப் போனார்கள்.

சந்தோஷத்தோடு ஏறிப் பார்த்தேன். தூசி. ஜன்னல் கிடையாது, வேறு வழி கிடையாது.

ஹுஸ்னாவும் இல்லை.

மூன்று நாள் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் கூப்பிட்டேன். நான்காம் நாள் அவளுடைய உம்மா மைமூன் மாமி போன் செய்தார். மகளிடம் கொடு என்றார். உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. போனைப் பரணில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து அழுதேன். மேலே ஒரு சத்தமும் இல்லை.

பத்து நிமிஷம் கழித்து எடுத்தேன். மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

"நல்லாருக்கேன்னு சொல்லிட்டா, அது போதும். ஏம்மா, என்ன பேசணும்னு பக்கத்துல ஒரு பொண்ணு சொல்லிக்குடுத்துக்கிட்டே இருக்கே, அது யாரு?"