சிவப்பு முடிச்சு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு மாமியாரின் கதை சொல்கிறேன். மாமியார் என்றதும் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பொறுத்துக் கேளுங்கள்.

தையல்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கணவன் போன பிறகு ஒற்றைத் தையல் மிஷினை மிதித்தே இரண்டு மகன்களை ஆளாக்கியவள். அந்த உழைப்பு கடைசியில் கண்ணில் வந்து நின்றது. ஒரு கண்ணில் அறுவை முடிந்து கட்டு. இன்னொன்றில் வெறும் மூட்டம். அப்படிப் படுத்திருந்த மூன்றாம் நாள் காலையில், பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

சின்ன மகன் தன் மனைவியோடு தனியாகப் போக ஊரின் மறுகோடியில் வீடு பார்த்துவிட்டான். பத்து மணிக்கு வண்டி வரும். ஏனடா என்று கேட்டதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டான்:

"அவ தைக்கிறதை எல்லாம் பிரிக்கிறீங்கம்மா. அவளையே பிரிச்சுப் போடுற மாதிரி இருக்கு."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்ததும் உள்மடிப்பில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். பெரிய மருமகளுக்குப் பச்சை நூல், சின்னவளுக்குச் சிவப்பு. குறை வந்தால் யார் தைத்தது என்று தெரிய வேண்டுமே! பச்சையைப் பார்த்தால் தையல்காரம்மா மடித்து வைத்துவிடுவாள். சிவப்பைப் பார்த்தால் கை தானாகக் கத்தரியைத் தேடும். வஞ்சகம் ஒன்றுமில்லை. சின்னவள் தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவள். பாவம், யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு. அதை இரக்கம் என்றே அவள் நம்பியிருந்தாள்.

மணி என்ன, மணி என்ன என்று பெரியவளை நாலு தடவை கேட்டாயிற்று. ஒன்பதரை. எதையாவது பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். ஜன்னல் திரை அகப்பட்டது. வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாதென்று யாரோ புதிதாக மாட்டியிருந்தார்கள். பழக்கதோஷம், விரல் ஓரத்தையல் மீது ஓடியது. எறும்பு வரிசை போல ஒரே சீர். முடிச்சும் விரலில் பட்டது. நிறம் விரலுக்குத் தெரியுமா?

"பெரியவளே, உன் கை உன் கைதான்டி. இன்னொருத்திக்கு இந்த ஓரம் வருமா?"

கண் சொட்டு மருந்தோடு சின்னவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை... அது சிவப்பு முடிச்சு."

"விளையாடாத."

"எனக்கு மணிக்கட்டு வீங்கி ரெண்டு மாசமாச்சு. ஊசியே பிடிக்க முடியல. ஆபரேஷன் நேரத்துல உங்களுக்குக் கவலை வேண்டாம்னு இவதான் சொல்ல விடல. பச்சையும் இவ தச்சதுதான். முடிச்சு மட்டும் நான் போட்டேன். ஒரே கை அத்தை... ஒண்ணை மெச்சினீங்க, ஒண்ணைப் பிரிச்சீங்க. நானும் வாயை மூடிட்டு மெச்சலை வாங்கிக்கிட்டேன்."

தையல்காரம்மாவின் விரல்கள் திரையின் நடுவுக்கு நகர்ந்தன. அங்கே துண்டுத் துணிகளால் ஒரு வீடு. உள்ளே மேசை, சுற்றி நாலு பேர்; அதில் கொண்டை வைத்தவள் தையல்காரம்மாவேதான். வாசலுக்கு வெளியே ஒற்றை உருவம். அதைத் தைத்த நூல் சுருள்சுருளாக நெருடியது. ஆயுள் முழுக்கத் தைத்தவளுக்கு அது தெரியாதா? பிரித்த நூல்தான் அப்படிச் சுருளும். அவளே பிரித்துப் போட்ட நூல்.

"வெளிய நிக்கிறது யாரும்மா?"

"நான்தான் அத்தை. வாயால சொல்ல வரல... தச்சுட்டேன்."

கணவன் இறந்த வருஷம், அவள் தைத்துக் கொண்டுபோன சட்டையைத் துணிக்கடைக்காரர் விரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். அன்று கடை வாசற்படிக்கு வெளியே தனியாக நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. அன்று கடைக்காரர். இன்று நானா?

"கத்தரியை எடு. ஊசியில நூல் கோத்துக் குடு."

சின்னவளின் முகம் வெளுத்தது. ஆனாலும் கொடுத்தாள்.

"கடைசியா ஒரு தரம் பிரிக்கிறேன்" என்று சொல்லி, வாசலில் நின்ற உருவத்தை மட்டும் பிரித்தெடுத்தாள். மேசையைத் தடவித் தடவி, தன் உருவத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். ஊசி விரலில் குத்தியது. வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. மறுபடி ஹாரன். அவள் நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"கோணலாத்தான் இருக்கும். அப்புறமா நீ பிரிச்சு நல்லாத் தச்சுக்கோ."

"இதைப் பிரிக்க மாட்டேன் அத்தை."

அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். "கட்டு நனைஞ்சா டாக்டர் என்னைத்தான் திட்டுவார்" என்று பெரியவள் அதட்டினாள். பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்த சின்ன மகன் வண்டிக்காரரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வெளியே போனான். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வரும்போது பெட்டியைத் தன் அறைக்குள் தள்ளிவிட்டு வந்தான்.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டு மேசையில் யாருக்கும் இடம் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் உங்கள் சொந்தம் ஒன்று தனியே நிற்கும் நாள் வராமல் இருக்கட்டும். நிறைந்து வாழுங்கள்.