இடப் பக்கத்துத் தாங்கி

அன்று மழை மாலை நாலு மணிக்கே சாலையை இருட்டாக்கிவிட்டது. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவளின் கண்ணுக்குள் திடீரென்று இரண்டு வெள்ளை வெளிச்சங்கள்... ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த நொடி ஸ்கூட்டர் சேற்றில் கிடந்தது. அவளும்தான்.

எதிரே வந்த பிக்கப் டிரக் நின்றது. அதன் பின்னால் நீளமான ஒரு வெள்ளை டிரெய்லர். ஓட்டி வந்தவன் நனைந்துகொண்டே ஓடி வந்தான்.

“அடி பட்டுடுச்சாங்க? லைட்டைத் தாழ்த்தித்தான் போட்டிருந்தேன்...”

“தாழ்த்திப் போட்டு என்ன பண்றது? அது ரோட்டைப் பாக்கல, காக்காவைப் பாக்குது!”

எழுந்தவள், அவன் நீட்டிய கையைக் கவனிக்காமல் நேரே டிரக்கின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். “பாருங்க, டிரெய்லர் பாரத்துல பின்னால உக்காந்துடுச்சு. முன்னால மூக்கு தூக்கிக்கிச்சு. ஸ்பிரிங் பட்டை பாவம், அழாத குறை.”

நிமிர்ந்தபோதுதான் டிரெய்லரில் எழுதியிருந்ததைப் படித்தாள். நடமாடும் கண் பரிசோதனை நிலையம்.

“கண் டாக்டரா நீங்க? எதிர்ல வர்றவங்க கண்ணைக் கெடுத்துட்டு, அப்புறம் நீங்களே வைத்தியம் பாப்பீங்களாக்கும்? நல்ல தொழில்ங்க!”

அவன் சிரித்துவிட்டான். முதலில் கண் சிரித்தது, பிறகுதான் உதடு. இமையில் நின்ற ஒரு மழைத்துளி அந்தச் சிரிப்பில் உருண்டு விழுந்தது. அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கோபமாக இருந்தோமே... எங்கே போயிற்று அது?

“நாளைக்கு எங்க ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு வாங்க. பின்னால ஏர் பேக் மாட்டித் தர்றேன்.”

“ஏர் பேக்கா? மோதினா மூஞ்சில வந்து விரியுமே, அதுவா?”

“அது மூஞ்சிக்கு. இது முதுகுக்கு.”

ஒர்க் ஷாப் அவள் அப்பாவுடையது. முழங்கால் மடங்க மறுத்த நாளிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை பார்த்தார். வண்டிக்கு அடியில் படுப்பது அவள். மறுநாள் காலை டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, டிரக்கை ஜாக்கியில் தூக்கினாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் கேள்வியாகக் கேட்டான்.

“இதை மாட்டினா இன்னும் அதிக பாரம் இழுக்கலாமா?”

“ஆசையைப் பாரு! வண்டியோட சக்தி அதேதான். பாரம் ஏறும்போது முதுகு வளையாமப் பாத்துக்கும், அவ்வளவுதான். காத்தே இல்லாம மட்டும் ஓட்டிடாதீங்க, பை மடிஞ்சு கிழிஞ்சிடும்.”

பழைய ரப்பர் கட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில், சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, கறுப்பு ரப்பர் பையை உட்கார வைத்தாள். மேலே ஒரு தாங்கி, கீழே ஒரு தாங்கி. காற்றுக்குழாயைச் சூடான சைலன்சர் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்து நம்பர் பிளேட் அருகே முடித்தாள். வலப் பக்கம் முடிந்தது. இடப் பக்கத்துக்குப் பெட்டியில் கைவிட்டாள்... கீழ்த்தாங்கியைக் காணோம். அனுப்பியவர்கள் விட்டுவிட்டார்கள்.

“நாளைக்குள்ள வந்துடும்” என்றாள். “உங்களுக்கு எப்ப போகணும்?”

“சனிக்கிழமை மலைக்கு மேல கேம்ப். அப்புறம் அப்படியே ஊர் ஊரா... வருஷம் பூரா.”

வருஷம் பூரா. ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினாள். டிரெய்லருக்குள் அவன் ஏதோ முணுமுணுத்தபடி கண்ணாடி வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேர வேலை. மாட்டினால் போய்விடுவான். என் கையாலேயே மாட்டி, என் கையாலேயே அனுப்ப வேண்டும்...

கை தானாகப் பார்சலைப் பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளியது.

மத்தியானம் அவள் காற்று மீட்டரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதை அவன் பார்த்துவிட்டான். “மெக்கானிக்கம்மா, உள்ள வாங்க. நீங்க என் வண்டியைப் பாத்தீங்க, நான் உங்க கண்ணைப் பாக்கிறேன்.”

குறுகிய அறை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, நடுவில் மூச்சுக் காற்று. சின்ன வெளிச்சத்தை அவள் கண்ணருகே கொண்டுவந்தான்.

“என் காதைப் பாருங்க.”

பார்த்தாள். காதில் ஆரம்பித்த பார்வை கன்னத்தில் வழுக்கி...

“காதைப் பாக்கச் சொன்னேன்.”

“காதைத்தான் பாக்கிறேன்!”

அவன் வெளிச்சத்தை இறக்கினான். “தூரத்துல இருக்கிறது உங்களுக்கு நல்லாத் தெரியுது. கிட்டத்துல இருக்கிறதுதான்... மங்கல்.”

அன்று சாயங்காலம், பார்ட் வரவில்லை என்று அவன் போன் பண்ணிக் கேம்ப்பைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தான். அவள் டயர்களின் பக்கமே திரும்பவில்லை.

சனிக்கிழமை அப்பா கைத்தடியால் டயர்களை நகர்த்திப் பார்சலை வெளியே இழுத்தார். தேதியைப் படித்தார். அவள் முகத்தையும் படித்தார். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“பாப்பா, இங்க ஒரு வண்டி நிக்குதுன்னா வேலை முடியலைன்னு அர்த்தம். வேற எந்தக் காரணத்துக்கும் இதுவரை நின்னதில்லை.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கே இடப் பக்கத்தை முடித்தாள். இரண்டு பைகளிலும் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. டிரெய்லரைக் கோத்ததும் டிரக் நிமிர்ந்து நின்றது. அவன் கைதட்டினான்.

“பிரமாதம்! பார்ட் இன்னிக்கு வந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

“வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் முகத்தில் விளக்கணைந்தது.

“மேல நேத்து நாப்பது பேர் சேதி தெரியாமக் காத்துட்டிருந்தாங்கங்க. ரெண்டு மணி நேரம் நடந்து வந்தவங்க...” வண்டியில் ஏறிக் கதவை அடைத்தான். டிரக் கிளம்பியது. பின்பக்கம் துளியும் தாழாமல், அவள் வேலையின் சுத்தத்தோடு, வளைவில் திரும்பி மறைந்தது.

அதன் பிறகு மூன்று வாரம். மழை வந்தது, விட்டது, மறுபடி வந்தது. வெள்ளையாக எது திரும்பினாலும் அவள் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பால் வண்டி... ஆம்புலன்ஸ்... கல்யாண வண்டி. அவன் விட்டுப்போயிருந்த அளவுச் சீட்டைக் கொடுத்து அப்பாவே கண்ணாடி வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தாள். ஸ்பேனரில் பொறித்த எண்வரை பளிச்சென்று தெரிந்தது. என்ன பிரயோஜனம்?

நாலாவது வாரம், ஒரு வெயில் நாளில், டிரெய்லர் இல்லாமல் டிரக் மட்டும் வந்து வாசலில் நின்றது. அவள் கிரீஸ் கையோடு எழுந்தாள்.

“வண்டிக்கு என்ன?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல.” அவன் இறங்கி, கதவைப் பிடித்தபடியே நின்றான். “மலையில எல்லாரையும் பாத்தாச்சு. யாரும் என்னைத் திட்டல. நான்தான் உங்களைத் திட்டாமத் திட்டிட்டு வந்துட்டேன்... கோவம் உங்க மேல இல்லைங்க, என் மேலதான். கேம்ப் தள்ளிப் போச்சேன்னு எனக்கு ஒரு துளி வருத்தம் வரலை. ரெண்டு நாள் கூட இருக்கலாமேன்னு சந்தோஷப்பட்டேன். அங்க அத்தனை பேர் காத்திருக்கிறப்போ! அந்தக் கோவத்தை உங்க தலையில இறக்கிட்டேன்.”

உள்ளேயிருந்து அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. கைத்தடி பின்கட்டுப் பக்கமாக, வேண்டுமென்றே சத்தமாக, நடந்து போயிற்று.

“நான் ஊர் சுத்தறவன்” என்றான் அவன். “மாசத்துல பத்து நாள்தான் இந்தப் பக்கம் இருப்பேன். அதுக்கு ஒத்துக்கிறவங்க யாராவது...”

“சுத்தி வளைக்காதீங்க.” அவள் கண்ணாடியைப் புறங்கையால் மேலே தள்ளினாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகம் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. “நீங்க போயிட்டுப் போயிட்டு வாங்க. நான் வழியை மறிக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு மாதிரி எதையும் ஒளிச்சும் வைக்க மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் கண் முதலில் சிரித்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்களேன்...”

“மாட்டேன் போங்க” என்றாள். சொல்லிவிட்டு, ஓரடி கிட்டே வந்து, இன்னொரு தடவையும் சொன்னாள்.