ஜாடி போட்ட அண்டா

பூனைக்குட்டிகள் வளரவில்லை. பெருநாளுக்கு முன்னர் கருவாட்டுச் சாக்குகளுக்குள் பூனை போட்டவை, பெருநாள் கழிந்து பள்ளிவாசல் பந்தலைப் பிரித்த பிறகும், பிறந்த அன்றைய அளவிலேயே கிடந்தன. முறுக்கிப் பிழிந்த துணிபோல உடம்பு, கண்ணோரத்தில் பீளை, மூத்திரத்தோடு கலந்த ஒரு புளித்த வாடை. முதலாளியைப் பார்த்துச் சிக்கனம் பழகிவிட்டன என்று கருவாட்டு யாவாரி கலந்தர் தன்னைத்தானே பகிடி பண்ணிச் சிரித்தான். சிரித்து முடிவதற்குள் வாயில் கசந்து ஊறியது. துப்பினான்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் அது. கூரை பறந்த களஞ்சியமொன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, சாய்ந்தமருது யாவாரிகள் எல்லாரையும் முந்திக்கொண்டு அவன் தட்டிவந்தது ஒரு பெரிய அண்டா. உள்ளும் புறமும் வெள்ளி மாதிரிப் பூச்சு. மீனை உப்பும் கொறுக்காப்புளியும் அடைத்து ஊறவைக்கிற ஜாடி என்ற ஊறுமீனுக்கு மண்பானைதான் என்பது கரையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பானை உடையும், உடைந்தால் நட்டம், அண்டா உடையுமா? கலந்தர் ஜாடியை அண்டாவில் போட்டான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அவன் மனைவி ஸைனம்புவுக்கு அப்போது மசக்கை. கல்யாணமான நாளிலிருந்து தங்காத கரு இந்தத் தரம் தங்கியிருந்தது. சோறு வேண்டாம், பழம் வேண்டாம், ஜாடி வேணும் என்றாள். பிள்ளை கேட்கிறதென்று மாமியார் பாத்தும்மா கிண்ணம் கிண்ணமாக அள்ளிக் கொடுத்தாள். மிஞ்சிய சாற்றைப் பூனை நக்கியது.

வயிறு ஏறவில்லை. ஊர்ப் பெண்கள் ஒளித்துக் கதைக்கத் தொடங்கினார்கள். காரைதீவிலிருந்து ஜாடி வாங்க வந்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி அழகரெத்தினம், அண்டாவின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, வாங்காமல் கையைக் கழுவினார்.

"முதலாளி, இது காட்மியம் பூசின தகரம். புளி பட்டாக் கரையும். சாப்பாட்டோட உள்ளுக்குப் போனா லேசில வெளியால வராது. புள்ளத்தாச்சிக்குக் குடுத்துப்போடாதீங்க."

"குடுத்தா?"

"சிலது தங்காது. தங்கினாலும் வளராது."

கலந்தர் அண்டாவைக் கவிழ்த்தான். கூழாகிப்போன மீன், முள்ளும் கண்ணுமாக வழிந்தது. அடியைக் கழுவிப் பார்த்தான். கறுப்பும் துருவும். வெள்ளைப் பூச்சில் ஒரு பொட்டும் மிச்சமில்லை. அவ்வளவும் எங்கே போயிற்று என்று யோசிக்கக்கூடாதென்று நினைத்தான், யோசித்தான். அன்று அஸர் தொழுகைக்கு முன்னமே அண்டாவைக் கடலில் தள்ளினான்.

பிள்ளை பிறந்தது. ஆண். கலந்தருடைய உள்ளங்கைக்குள் அடங்கியது. தோல் சாம்பல் நிறம், ஈரம் காயவில்லை. எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் கழுத்து மடிப்பில் ஜாடி மணத்தது. முத்தமிடக் குனிந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை பால் குடித்தது, விடாமல் குடித்தது. குடிக்கக் குடிக்கச் சிறுத்தது. ஸைனம்பு சுவரைப் பார்த்தபடி உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் பிள்ளையின் தலைமயிரை இறக்கி, அதன் நிறைக்கு வெள்ளி தருமம் செய்யவேண்டும். மயிர் இறக்க வந்த ஒஸ்தா, கலந்தரைப் பார்க்காமலே சிரைத்தார். கலந்தர் நகைத் தராசைத் தூக்கிப் பிடித்தான். ஒரு தட்டில் மயிர். ஒரு சிட்டிகைதான், நனைந்த பூஞ்சணம் மாதிரி.

தட்டு இறங்கியது.

மற்றத் தட்டில் வெள்ளி மோதிரத்தை வைத்தான். அசையவில்லை. கொலுசை வைத்தான். அரைஞாணை வைத்தான். அசையவில்லை. பாத்தும்மா கலிமாவைத் தொடங்கி நடுவில் நிறுத்தினாள். ஒஸ்தா கத்தியைத் துடைக்காமலே மடித்தார். கலந்தர் தராசை உலுக்கிப் பார்த்தான். தட்டு நடுங்கவில்லை.

பிள்ளை அழவில்லை. தாயின் மடியில், பாரமே இல்லாமல், கண் திறந்து கிடந்தது.

ஸைனம்பு எட்டினாள். தட்டிலிருந்து மயிரை வழித்தெடுத்தாள். வாயில் போட்டாள். தாடை அசைந்தது. மெதுவாக. கடைவாயில் சாம்பல் நிறச் சாறு.

"புளி போதும் மச்சான்," என்றாள். "உப்புத்தான் காணாது."

பிறகு பிள்ளையின் மொட்டைத் தலையில் விரலை அழுத்தித் தேய்த்து, அந்த விரலையும் வாயில் வைத்தாள்.